வெண்புரவிக் கைங்கர்யம்

காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் அமைந்த அந்தப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் சிலர், தீர்த்தமும் துளசியும் பெற்றுக்கொண்ட பின்னர் நேரே வீட்டுக்குத் திரும்புவதில்லை. வடக்கு மதிலை ஒட்டிய லாயத்தின் பக்கம் தயங்கித் தயங்கி வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது குதிரை வால் முடி ஒன்று. கழுத்திலோ இமையோரத்திலோ தொங்கும் மருவின் அடியில் அதை இறுகக் கட்டிவிட்டால், சில நாளில் மரு தானே உதிர்ந்துவிடும் என்பது அந்தப் பகுதியில் தலைமுறைகளாக நிலவும் நம்பிக்கை. குதிரையைப் பராமரித்து வந்த பெரியவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. காசு கொடுத்தால் வாங்கியதும் இல்லை. "பெருமாள் குதிரை ஐயா. இதன் முடிக்கு விலை உண்டா?" என்பார்.

ஊரார் மருவையெல்லாம் உதிரச் செய்வதாகப் பெயர் பெற்ற அந்தக் குதிரையின் வாலுக்கு அடியிலேயே ஒரு நாள் மரு தோன்றியது.

வேண்டுதல் நிறைவேறிய அன்பர் குடும்பம் ஒன்று, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அக்குதிரையைக் கோயிலுக்குச் சமர்ப்பித்தது. அப்போது அதற்கு வயது நான்கு. நிறம் கார்காலத்து மேகத்தைப் போலிருந்தது. விலாவிலும் தொடையிலும் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள். அதைப் பார்த்த பட்டர் சற்றும் யோசிக்காமல் 'மேகபுஷ்பம்' என்று பெயர் சூட்டினார். கண்ணனின் தேரில் பூட்டப்பட்ட சைப்யம், சுக்ரீவம், மேகபுஷ்பம், பலாஹகம் என்னும் நான்கு புரவிகளில் ஒன்றின் பெயர் அது. ஊர் வாயில் அது 'மேகம்' என்று சுருங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல மேகத்தின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பத்து வயதில் கறந்த பாலைப் போல் ஆகிவிட்டது. "பெருமாளுக்கு முன்னே நடந்து நடந்து அதன் கருமையெல்லாம் கழிந்துவிட்டது" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புறப்பாட்டின்போது முதுகில் நகரா ஏற்றி, நெற்றியில் பட்டமும் கழுத்தில் சலங்கையும் அணிந்து மேகம் முன்னே வந்தால், பின்னே பெருமாள் வருகிறார் என்று வீதி அறிந்துகொள்ளும்.

மார்கழி மாதத்து விடியல் ஒன்றில், திருப்பாவை சேவை தொடங்குமுன் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவரின் விரலில் மிளகளவில் ஏதோ தட்டுப்பட்டது. வாலைத் தூக்கிப் பார்த்தார். வால் தண்டின் அடிப்புறத்தில், மயிரில்லாத கரிய தோலில், அதைவிடக் கரிய ஒரு சிறு முண்டு. அழுத்தினால் குதிரைக்கு வலிக்கவில்லை. உண்ணியாக இருக்கும் என்று கிள்ளிப் பார்த்தார். அது தோலோடு ஒட்டியிருந்தது. தை பிறந்தபோது மூன்றாயிற்று. மாசியில், மலத்துவாரத்தை ஒட்டி நெல்லிக்காய் அளவில் ஒன்று திரண்டிருந்தது. வால் தண்டில் சுண்டைக்காய் அளவில் மேலும் இரண்டு.

ஊருக்குச் சொன்ன வைத்தியத்தை அவர் முதலில் தம் குதிரைக்கே செய்தார். அதன் வாலிலிருந்தே ஒரு முடியை எடுத்து, காம்பு போல் சற்று நீண்டிருந்த கட்டி ஒன்றின் அடியில் இறுக்கிக் கட்டினார். ஐந்தாம் நாள் அதன் மேற்பாதி கருகி விழுந்தது. அடிப்பாதி அப்படியே இருந்தது. விழுந்த இடம் புண்ணாயிற்று. அடுத்து, யாரோ சொன்னபடி சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து, பெரிய கட்டியின் மேல் தடவினார். பதினான்கு ஆண்டுகளில் ஒரு முறையும் காலை ஓங்காத மேகம் அன்று பின்னங்காலால் லாயத்துக் கதவை உதைத்தது. மறுநாள் பார்த்தபோது கட்டி வெந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த நல்ல தோலும் வெந்திருந்தது. அதிலிருந்து மையைப் போன்ற கரிய நீர் கசிந்தது. ஈக்கள் மொய்த்தன.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டனார் காலம் தொட்டு அந்த லாயத்தில் கைங்கர்யம் செய்துவரும் குடும்பம் அவருடையது. குதிரைக்குக் குறை என்று தெரிந்தால் அதை விற்றுவிடுவார்கள். குதிரை போனால் தமக்கும் அங்கே வேலை இல்லை என்று அஞ்சினார். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. தம் கையால் செய்த சூடு அது. கேட்டால் எப்படிச் சொல்வது? ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்து ஏறி வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்றார். தோல் நோய் தீர வேண்டுகிறவர்கள் செய்வதுபோல் சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைத்தார். உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்தினார். வைத்தியநாதர் சந்நிதியில், மனிதருக்காக நிற்கும் வரிசையில், ஒரு குதிரைக்காக நின்றார். திரும்பி வந்து வாலை நன்றாகச் சீவி, புண் தெரியாதவாறு விட்டுவைத்தார்.

பங்குனி உற்சவத்தின் முதல் நாள் புறப்பாட்டில் அது வெளிப்பட்டது. அறங்காவலர் குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுபது வயதிலும் குதிரைக்குப் பின்னால் நான்கு வீதியும் நடந்து வருவது அவர் வழக்கம். கீழ வீதி திரும்புகையில், மேகத்தின் வெண்ணிற வாலில் கரிய கறை ஒன்றைக் கண்டார். சேற்றுக் கறை என்று எண்ணி அருகில் சென்றார். வாடை வேறாக இருந்தது. அவர் வீதியில் ஒன்றும் பேசவில்லை. பெருமாள் ஆஸ்தானத்துக்கு எழுந்தருளிய பின்னர் லாயத்துக்குச் சென்றார். பெரியவர் ஒன்றும் கேட்கப்படாமலேயே தரையில் அமர்ந்து அழத் தொடங்கினார்.

"ஐயா, நான்தான் கெடுத்தேன். நல்லது என்று நினைத்துச் செய்தேன். அது வாய் விட்டுச் சொல்லாத பிராணி."

"எத்தனை நாளாக?"

"மார்கழியிலிருந்து ஐயா."

தலைவருக்குக் கோபம் வந்தது. ஆனால், நான்கு மாதமாகக் குதிரையின் பின்னால் நடந்தும் ஒரு நாளும் அதன் வாலைத் தூக்கிப் பாராதவர் தாமும்தான் என்பது உடனே நினைவுக்கு வந்தது. கோபம் அடங்கிவிட்டது.

மறுநாள் குழு கூடியது. "பெருமாள் திருமுன்னே குறையுள்ள பிராணி நடக்கலாமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவர் அன்பில்லாதவர் அல்லர். பெருமாளுக்கு எல்லாம் மாசற்றதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர். மேகத்தை விற்றுவிட்டு வேறு குதிரை வாங்கலாம் என்றார். பதினெட்டு வயதுக் குதிரையை யார் வாங்குவார், எதற்கு வாங்குவார் என்ற கேள்விக்கு எவரும் வாய்விட்டு விடை கூறவில்லை. தரகர் கைக்குப் போகும் முதிய குதிரையின் கதி என்ன என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். முன்பிறவிப் பாவம் இப்படி வெளிப்படுகிறது என்று வேறொருவர் கூறினார். லாயத்துக்குத் தோஷ நிவர்த்தி செய்ய வேண்டும் என்றார் மற்றொருவர். தலைவர் அனைத்தையும் கேட்டுக்கொண்டு, "ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வைத்தியரை அழைத்துக் காட்டிவிட்டு முடிவு செய்வோம்" என்றார்.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இராத பெண்மணி. லாயத்துக்குள் நுழைந்ததும் பையைத் திறக்கவில்லை. மேகத்தின் கழுத்தருகே நின்று அது தம்மை மோப்பம் பிடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு உதடு, இமையோரம், தாடையின் பின்புறம், காதின் அடி, விலா, தொடையிடை என்று ஓரிடமும் விடாமல் கையால் தடவிப் பார்த்தார். கடைசியாகத்தான் வாலைத் தூக்கினார். கட்டிகளை எண்ணினார், அளந்தார். மொத்தம் ஏழு இருந்தன. காதுக்குக் கீழே எட்டாவதாக ஒன்று தோலின் உள்ளே திரண்டிருந்தது; அதை அதுவரை எவரும் அறியவில்லை.

"இது எப்போது வந்தபோது என்ன நிறம்?" என்று கேட்டார்.

"கறுப்பு அம்மா. மேகம் மாதிரி."

மருத்துவர் தலையசைத்தார். பின்னர், பெரியவருக்கும் தலைவருக்கும் புரியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னார்.

குதிரையின் தோலில் எழும் முண்டுகள் எல்லாம் ஒரே வகையல்ல. இளங்குதிரைகளின் மூக்கிலும் உதட்டிலும் கொத்துக் கொத்தாக வரும் மரு, ஒரு கிருமியால் வருவது. சில மாதங்களில் தானே மறைந்துவிடும். வளர்ந்த குதிரைகளுக்கு வரும் சார்காய்டு என்னும் கட்டிக்கு, மாடுகளுக்கு மருவை உண்டாக்கும் கிருமியே காரணம். அது உள்ளுறுப்புகளுக்குப் பரவாது. ஆயினும் அரைகுறையாக அறுத்தாலும் சுட்டாலும் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரும். வெயில் காலத்தில் ஈக்கள் புண்ணில் விடும் புழுக்களால் சதை தடித்து வளர்வதும் உண்டு. அது கட்டியைப் போலத் தோன்றும், ஆனால் கட்டியன்று. இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாக முடியலாம். அதனால் முதலில் இன்னது என்று அறிய வேண்டும்.

மேகத்துக்கு வந்திருப்பது வெண்புரவிகளுக்கே உரியதொரு கட்டி என்று தாம் கருதுவதாக அவர் கூறினார். மெலனோமா என்பது அதன் பெயர். தோலுக்குக் கருமை தரும் அணுக்கள் பெருகித் திரள்வதால் உண்டாவது. பிறக்கையில் கருமையாகவோ செம்மையாகவோ இருந்து, பின்னர் ஆண்டுதோறும் வெளுத்துவரும் குதிரைகளின் மயிர்தான் வெண்மையாகிறதே ஒழிய, தோல் கறுப்பாகவே இருக்கிறது. மயிரை வெளுக்கச் செய்யும் அதே மரபணு மாற்றம்தான் தோலின் கருமை அணுக்களைப் பெருகவும் தூண்டுகிறது. 2008-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த மாற்றத்தைக் கண்டறிந்தனர். இவ்வாறு வெளுக்கும் குதிரைகள் அனைத்தும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து அந்த நிறத்தைப் பெற்றவை என்பதும் அந்த ஆய்வில் தெரிய வந்தது. பதினைந்து வயதைக் கடந்த இத்தகைய குதிரைகளில் நூற்றுக்கு எழுபது, எண்பதுக்கு இந்தக் கட்டி வந்துவிடுகிறது. வாலடி, மலத்துவாரம், பிறப்புறுப்பு, உதடு, தாடையின் பின்புறம் ஆகியவை அது விரும்பித் தங்கும் இடங்கள்.

பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அம்மா, அப்படியானால் இது நான் செய்த பாவத்தால் வந்ததில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை தாத்தா. நீங்கள் எந்த வெண்மையைப் பார்த்து மகிழ்ந்தீர்களோ, அதனுடனே பிறந்தது இது. உங்களாலும் வரவில்லை; அதன் முன்வினையாலும் வரவில்லை. ஆனால் இந்தப் புண் உங்களால் வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்."

அவர் தலை குனிந்தார். மருத்துவர் குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார். குதிரை முடி கட்டுவதால், காம்புள்ள கட்டியின் மேற்பகுதி மட்டுமே இரத்த ஓட்டம் நின்று விழும். வேர் உள்ளேயே இருக்கும். சுண்ணாம்பும் சோடாவும் கட்டிக்கும் நல்ல தோலுக்கும் வேறுபாடு அறியா. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. ரணஜன்னிக் கிருமி லாயத்து மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. வளர்ப்புப் பிராணிகளுள் அந்த நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். வாலடியில் திறந்த புண்ணோடு இத்தனை நாள் அது தப்பியிருப்பது பெருமாள் கருணை என்று கூறி, அதற்கான ஊசியை உடனே போட்டார்.

புண்ணை உப்பு நீரால் கழுவி மருந்திட்டார். ஈ அண்டாதிருக்க, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். புண்ணின் மேல் படக் கூடாது என்று இருமுறை எச்சரித்தார். சிறிய கட்டி ஒன்றிலிருந்து துளி சதையை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் அவர் கருதியதே உறுதியாயிற்று.

"முழுக்கக் குணமாகுமா?" என்று தலைவர் கேட்டார்.

மருத்துவர் இல்லை என்றார். அந்த ஒற்றைச் சொல்லை அவர் மழுப்பவில்லை. சிறிய கட்டிகளை இப்போதே எடுத்துவிடலாம்; சிறிதாக இருக்கும்போது எடுப்பது எளிது. பெரியது தசைக்குள் இறங்கியிருக்கிறது. அதை அறுக்கப் போனால் மலத்துவாரத்தின் தசை கெடும். காதுக்குக் கீழே உள்ளதன் அருகில் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுவதால் அதையும் தொட வேண்டாம். வாய்வழி மருந்து சில உண்டு. ஒன்றுக்குப் பலித்தது மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை. ஆனால் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் மெல்லத்தான் வளரும். பல ஆண்டுகள் குதிரைக்கு ஒரு தொல்லையும் தராமல் அப்படியே கிடப்பதும் உண்டு. சிலவற்றில் பிற்காலத்தில் வேகமாகி உள்ளுறுப்புகளுக்கும் பரவும். எது எப்படிப் போகும் என்பதை, தவறாமல் பார்த்துவருவதால் மட்டுமே அறிய முடியும்.

உற்சவம் முடிந்து ஆறு வாரம் கழித்து, புண் ஆறிய பின்னர், அருகிலிருந்த கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மேகத்தை வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். மயக்கி வீழ்த்தாமல், நின்ற நிலையிலேயே அரைத்தூக்கம் வரும்படி ஊசி போட்டு, வாலடியை மரத்துப்போகச் செய்து, ஐந்து கட்டிகளை எடுத்தார்கள். பெரியவர் அதன் நெற்றியில் கைவைத்தபடி முடியும்வரை நின்றார். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே விடப்பட்டன.

இதற்கிடையில் குழு மீண்டும் கூட வேண்டியிருந்தது. குணமாகாத நோய் என்று தெரிந்த பின்னர், விற்றுவிடலாம் என்ற பேச்சு வலுத்திருந்தது. பட்டர் பொதுவாக அக்கூட்டங்களில் பேசுவதில்லை. அன்று அவராகவே ஒரு செய்தியை நினைவூட்டினார்.

பாரதப் போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவதாக அர்ச்சுனன் சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு கணமும் உயிரைப் போன்றது. அந்த வேளையில், தேரில் பூட்டிய வெண்புரவிகள் அம்புபட்டுக் களைத்துத் தள்ளாடுகின்றன. வெள்ளைக் குதிரைகளை உடையவன் என்பதாலேயே சுவேதவாகனன் என்று அர்ச்சுனனுக்குப் பெயர். கண்ணன் தேரை நிறுத்துகிறான். போர்க்களத்தின் நடுவே அர்ச்சுனன் தரையில் நின்று பகைவரைத் தடுக்கிறான். அம்பால் நிலத்தைப் பிளந்து நீரை வரவழைக்கிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவற்றின் உடலில் தைத்த அம்புகளைத் தன் திருக்கரங்களால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான், மேனியைத் தேய்த்துவிடுகிறான், நீர் பருகச் செய்து, இளைப்பாறிய பின்னரே மீண்டும் பூட்டுகிறான்.

"சபதம் பாழாய்ப் போகும் என்ற நேரத்திலும் வேறு குதிரை கொண்டுவரச் சொல்லவில்லை, எம்பெருமான்" என்றார் பட்டர். "அவர் தொட்டுத் துடைத்த உடம்பு குதிரை உடம்பு. அதில் புண் இருந்தால் அவருக்கு அது குறையாகப் படும் என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? பாண்டவர்களிலும் நகுலன் விராடன் லாயத்தில் குதிரை வைத்தியனாகத்தானே ஓராண்டு இருந்தான்."

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், விற்கலாம் என்று முதலில் கூறிய உறுப்பினரே, "வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். பாதி என் பொறுப்பு" என்றார்.

அப்போது பெரியவர் கதவோரத்தில் நின்றிருந்தார். வைத்தீஸ்வரன்கோயிலுக்குச் சென்று வெல்லம் கரைத்ததை அவர் தயக்கத்தோடு பட்டரிடம் கூறினார். அதைச் செய்துவிட்டு இப்போது ஊசியும் கத்தியும் என்று போனால் அந்தச் சுவாமியின் மேல் நம்பிக்கை இல்லாததாக ஆகிவிடுமோ என்பது அவர் கவலை. பட்டர் சிரித்தார். "அங்கே எழுந்தருளியிருப்பவர் திருநாமமே வைத்தியநாதன். வைத்தியரிடம் போனால் வைத்தியநாதன் கோபித்துக்கொள்வாரா? வேண்டிக்கொண்டு வந்தாய், வைத்தியரை அனுப்பினார். நீதான் கதவைத் திறக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டாய்."

மருத்துவரின் அறிவுரைப்படி சில மாறுதல்கள் செய்யப்பட்டன. சேணம் முன்னே சரியாதிருக்க, வாலுக்கு அடியில் சுற்றிக் கட்டும் தோல்வார் அறவே நீக்கப்பட்டது; அது உரசும் இடம்தான் கட்டிகள் இருந்த இடம். நகராவின் சுமை மேகத்தின் முதுகிலிருந்து இறங்கி, இரண்டு சக்கரங்கள் பூட்டிய சிறு சட்டத்துக்கு மாறியது. வெயில் ஏறிய பிறகு புறப்பாடு இருந்தால் மேகம் முதல் வீதியோடு திரும்பிவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் வாலைத் தூக்கிப் பார்ப்பது லாயத்தின் நித்தியக் கடமைகளுள் ஒன்றாயிற்று. சாணம் தடையின்றி விழுகிறதா, வாலை எளிதில் உயர்த்துகிறதா, கொள்ளும் புல்லும் முன்போல் தின்கிறதா, கட்டியின் மேல்தோல் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தலைவர் அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். எழுத்தறிவு குறைந்த பெரியவர் அளவுகோலை நம்பவில்லை. மிளகு, கடலை, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை என்று தமக்குத் தெரிந்த அளவுகளைச் சொல்லுவார், தலைவர் எழுதிக்கொள்வார். மாதம் ஒரு முறை மருத்துவர் வரும்போது அதே கட்டியை அளந்து, எதிரே சென்டிமீட்டரில் குறிப்பார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. "உங்கள் கைக்கு என் அளவுகோலைவிடத் துல்லியம் அதிகம் தாத்தா" என்று அவர் சொன்ன நாளில், பெரியவர் அந்த நோட்டுப் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

வால் முடி கேட்டு வருகிறவர்கள் வருவது நிற்கவில்லை. ஆனால் பெரியவர் இப்போது முடி கொடுப்பதில்லை. மருத்துவர் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: மனிதரின் தோலில் புதிதாய்த் தோன்றும் கருமையோ, பழைய மச்சம் வளர்வதோ, நிறமும் ஓரமும் மாறுவதோ, இரத்தம் கசிவதோ கண்டால் கட்டுவதும் சுடுவதும் கூடாது; உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம்மவர்க்கு அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரக்கூடும். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஆவணி மாதத்தில் மூதாட்டி ஒருவர் வந்தார். உள்ளங்காலில் ஏதோ கரிய மரு இருப்பதாகவும், செருப்பில் பட்டு வலிப்பதாகவும், கட்டுவதற்கு முடி வேண்டும் என்றும் கேட்டார். பெரியவர் மறுத்தார். "பெருமாள் குதிரையின் முடியைக் கேட்டு இல்லையென்று சொல்கிறாயே" என்று அம்மூதாட்டி மனம் நொந்தார். பெரியவர் அவரை லாயத்துக்குள் அழைத்துச் சென்று, மேகத்தின் வாலை மெல்ல உயர்த்திக் காட்டினார்.

"அம்மா, இந்த முடியால் தீரும் என்றால் முதலில் இதற்கே தீர்ந்திருக்கும். நான் கட்டியும் பார்த்தேன், சுட்டும் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டுங்கள். நாளைக்கே போங்கள்."

மூதாட்டி அவரையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூறாமல் சென்றார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையன்று கூட்டம் மிகுதி. பெரியவர் மேகத்தின் நெற்றிப் பட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, காலில் கட்டுப் போட்டிருந்த மூதாட்டி பேரனின் தோளைப் பற்றியபடி லாயத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை கொள்ளு இருந்தது.

"எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார்கள்" என்று மட்டும் கூறி, பையைத் தரையில் வைத்தார். பிறகு கைகூப்பினார். அவர் கூப்பியது பெரியவரை நோக்கியா, குதிரையை நோக்கியா என்பது தெரியவில்லை.

வெளியே நாகஸ்வரம் ஒலித்தது. பெரியவர் வழக்கம்போல் வாலை ஒரு முறை உயர்த்திப் பார்த்தார். நெல்லிக்காய் நெல்லிக்காயாகவே இருந்தது. சலங்கையைச் சரி செய்து, கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, மேகத்தைப் பெருமாளுக்கு முன்னே நடத்திச் சென்றார்.